தன் தரப்பை எழுதக் கற்பித்த மரபு

மேனாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களுக்கு ஒரு தனிவகைக் கட்டுரைப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள ஒரு கேள்வி கொடுக்கப்படும். அதில் தன் முடிவு என்ன, அம்முடிவுக்கு ஆதாரம் என்ன, மாறுபடுவோர் கூறுவது என்ன, அவர்களுக்குத் தன் மறுமொழி என்ன என்பவற்றை மாணவன் சில பக்கங்களில் நிறுவிக் காட்ட வேண்டும். இதனை நாம் 'நிலைப்பாட்டுக் கட்டுரை' என்று வழங்கலாம்.

நம் பள்ளிகளில் எழுதப்படும் கட்டுரை பெரும்பாலும் வேறு வகையானது. குறிப்புச் சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் அமைப்பு ஒழுங்காக இருக்கும். 'விஞ்ஞானம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?' என்று தலைப்பும் இருக்கும். மாணவன் ஆக்கத்தைப் பற்றி ஒரு பக்கமும் அழிவைப் பற்றி ஒரு பக்கமும் எழுதி, 'நல்வழியில் பயன்படுத்தினால் நன்மையே' என்று முடித்து மதிப்பெண் பெற்றுவிடுவான். அவன் எழுதியதில் பிழை இராது. ஆனால் அதில் அவனையும் காண முடியாது. அதே கட்டுரையை அதே சொற்களில் அவ்வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் எழுதியிருப்பார்கள்.

ஒரு கேள்வியில் நின்று, ஆய்ந்து, முடிவு கண்டு, அதனை எழுத்தில் நிறுவும் இக்கலையை மேனாட்டாரிடமிருந்து புதிதாகக் கடன் வாங்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோமா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. அறபு மதரஸாக்கள் இதனைப் பல நூற்றாண்டுகள் பாடமாகவே நடத்தியிருக்கின்றன. தமிழ் இலக்கணிகளும் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். அவ்வரலாற்றைச் சற்று விரித்துக் காண்போம்.

எகிப்திலிருந்து மதீனாவுக்கு ஒரு மடல்

ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் மதீனாவில் இமாம் மாலிக் இப்னு அனஸ் (ரஹ்) அவர்களும் எகிப்தில் இமாம் லைது இப்னு ஸஃது (ரஹ்) அவர்களும் மார்க்கச் சட்டத்தின் பேராசான்களாக விளங்கினார்கள். மாலிக் அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 179 (கி.பி. 795). லைது அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 175 (கி.பி. 791). இருவரும் ஒருவரையொருவர் மதித்த நண்பர்கள்.

மதீனாவாசிகளின் நடைமுறைக்கு மாறாக லைது அவர்கள் தீர்ப்பு வழங்குகிறார்கள் என்ற செய்தி மாலிக் அவர்களுக்கு எட்டியது. அவர்கள் ஒரு மடல் எழுதினார்கள். மதீனா, நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்த நகரம்; குர்ஆன் இறங்கிய நகரம்; நபித்தோழர்கள் வாழ்ந்த நகரம்; ஆகவே அந்நகரத்தாரின் வழிவழி நடைமுறையைப் பின்பற்றுவதே தகும் என்பது அம்மடலின் சாரம்.

லைது அவர்கள் எழுதிய மறுமொழி இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் 'இஃலாமுல் முவக்கிஈன்' என்னும் நூலில் நமக்குக் கிடைக்கிறது. நிலைப்பாட்டுக் கட்டுரை என்றால் என்ன என்று கேட்கும் ஆசிரியர்க்கு நான் முதலில் காட்டக்கூடியது அம்மடலே. அதன் அமைப்பைக் கவனியுங்கள்.

முதலில், மடல் கிடைத்ததில் மகிழ்ச்சி தெரிவித்து, அறிவுரைக்கு நன்றி கூறுகிறார்கள். அடுத்து, மாலிக் அவர்களின் வாதம் இன்னதென்று எடுத்துரைக்கிறார்கள். மதீனாவின் சிறப்பு, அங்கு வாழ்ந்தோரின் மேன்மை ஆகியவற்றில் தமக்கு ஐயமில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பின் வலுவான பகுதியை மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதன் பின்னரே தம் தரப்பு தொடங்குகிறது. நபித்தோழர்கள் மதீனாவில் மட்டும் இருந்துவிடவில்லை. படைகளோடு பல நாடுகளுக்கும் சென்றார்கள். சென்ற இடங்களில் மக்களுக்கு வேதத்தையும் நபிவழியையும் கற்பித்தார்கள். அவர்களிடையேயும், அவர்களுக்குப் பின் வந்த தாபியீன்களிடையேயும் பல சட்டங்களில் கருத்து வேறுபாடு இருந்தது. அவ்வாறாயின் ஒரு நகரத்தின் நடைமுறை ஏனைய நகரங்களை எவ்வாறு கட்டுப்படுத்தும்? இதுவே லைது அவர்களின் நிலைப்பாடு.

பொதுவாகக் கூறியதோடு நின்றுவிடாமல், சட்டம் சட்டமாக எடுத்துக் காட்டுத் தருகிறார்கள். மழை பெய்யும் இரவில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் வழக்கம் மதீனாவில் இருந்தது. ஷாம் நாட்டின் மழை மதீனாவின் மழையைவிட மிகுதியானது. ஆயினும் அங்கு வாழ்ந்த நபித்தோழர்களான தலைவர்களுள் எவரும் மழையிரவில் அவ்வாறு சேர்த்துத் தொழவில்லை என்று கூறி, அபூஉபைதா, காலிது இப்னு வலீது, முஆது இப்னு ஜபல் (ரலி) முதலியோரின் பெயர்களைச் சுட்டுகிறார்கள். ஒரே சாட்சியோடு வழக்காடுபவரின் சத்தியத்தையும் கொண்டு தீர்ப்பளிப்பது மதீனாவின் மற்றொரு வழக்கம். மதீனாவை நன்கறிந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களே, ஷாமில் ஆட்சி செய்தபோது அதனைக் கைக்கொள்ளாமல், முழுச் சாட்சியத்தைக் கேட்டார்கள் என்று காட்டுகிறார்கள்.

மடலின் முடிவில் மாலிக் அவர்களின் நீண்ட ஆயுளுக்குப் பிரார்த்தித்து, அவர்களின் மக்கள், குடும்பத்தாரின் நலம் கேட்டு, தம்மால் ஆகவேண்டிய தேவை ஏதேனும் இருந்தால் எழுதுமாறு வேண்டுகிறார்கள்.

இச்சட்டங்களில் யார் கூறியது சரி என்பது இங்கு நம் ஆய்வன்று. மத்ஹபுகள் அதனை விரிவாகப் பேசியிருக்கின்றன. எழுதப்பட்ட முறையே இங்கு நமக்குப் பாடம். எதிராளியின் கூற்றை அவரே ஏற்கும் வண்ணம் சொல்லுதல், ஒப்பவேண்டியதை ஒப்புதல், மாறுபடும் இடத்தைத் துல்லியமாக வரையறுத்தல், இடமும் பெயரும் சுட்டிச் சான்று தருதல், நட்பு முறியாமல் முடித்தல் என்னும் ஐந்தும் அம்மடலில் உள்ளன.

இன்னொரு பாடமும் உண்டு. லைது அவர்கள் மாலிக் அவர்களைவிடச் சட்ட அறிவில் மேலானவர்கள், ஆனால் அவர்களின் மாணவர்கள் அவர்களைப் பேணிக் காக்கவில்லை என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் கருதியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாலிக் அவர்களின் சட்டங்கள் மாணவர்களால் தொகுக்கப்பட்டு ஒரு மத்ஹபாக நிலைத்தன. லைது அவர்களின் மத்ஹப் மறைந்தது. எத்துணை வலிமையான தரப்பாயினும் எழுதி வைப்பாரும் ஏந்திச் செல்வாரும் இல்லையெனில் அது உலகில் நிலைப்பதில்லை.

பக்கத்தில் பக்கமாக இரு தரப்பு

இதே முறையை நூல் வடிவில் வளர்த்தவர்களுள் ஒருவர் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மது ஷைபானி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 189, கி.பி. 805). மதீனாவாசிகளுக்கு மறுப்பாக அவர்கள் எழுதிய 'கிதாபுல் ஹுஜ்ஜா' என்னும் நூலில் ஒவ்வொரு சட்டத்திலும் அபூஹனீபா அவர்களின் கூற்று முதலில் வரும். மதீனாவாசிகளின் கூற்று அடுத்து வரும். அதன் பின்னர்தான் ஆசிரியரின் வாதம் வரும். படிப்பவர் இரு கூற்றுகளையும் அருகருகே வைத்து எடைபோடலாம். மதீனாவாசிகளை மறுத்த இப்பெருமகனாரே, மாலிக் அவர்களிடம் நேரில் சென்று பயின்று, அவர்களின் 'முவத்தா'வை அறிவித்தவர்களுள் ஒருவராகவும் விளங்குகிறார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. மறுக்க விரும்பியவர் முதலில் மாணவராக அமர்ந்தார்.

மாலிக், ஷைபானி ஆகிய இருவரிடமும் பயின்ற இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 150–204, கி.பி. 767–820) தம் 'ரிஸாலா'வில் இக்கலையை மேலும் நுட்பமாக்கினார்கள். அந்நூலில் பெயரில்லாத ஒருவர் இடையிடையே குறுக்கிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்கும் கேள்விகள் எளியவை அல்ல. ஆசிரியரின் வாதம் எங்கு மெலிந்திருக்கிறதோ அங்கேயே கை வைப்பவை. ஷாபிஈ அவர்கள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிய பின்னரே மேலே செல்வார்கள். தம்மோடு வாதிடுபவரின் நாவில் உண்மை வெளிப்பட்டாலும் தமக்கு மகிழ்ச்சியே என்று அவர்கள் கருதியதாகக் கூறுவதும் இதனோடு பொருந்தி நிற்கிறது.

அவர்களே இராக்கில் கூறிய பல சட்டங்களை எகிப்துக்குச் சென்றபின் மாற்றிக்கொண்டார்கள். முன்னதைக் 'கதீம்' என்றும் பின்னதை 'ஜதீது' என்றும் ஷாபிஈ மத்ஹபினராகிய நம்முள் பலர் ஓதியிருக்கிறோம். சான்று வலுத்தால் முடிவு மாறலாம். மாறியதை மறைக்க வேண்டியதில்லை. முன்னதும் பின்னதும் ஏட்டில் நிற்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ!

மாணவனின் ஏடு

இவையெல்லாம் இமாம்களின் செயல்கள். மாணவர்களுக்கு இது எவ்வாறு கற்பிக்கப்பட்டது?

பகுதாதில் ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது. அக்காலத்துச் சட்டக் கல்வியில் 'கிலாஃப்' என்பது ஒரு தனிப் பாடம். மத்ஹபுகள் மாறுபடும் சட்டங்களை எடுத்து, ஒவ்வொரு தரப்பின் ஆதாரத்தையும் ஆய்வது அது. வாதிடும் முறையைக் கற்பிப்பது 'ஜதல்'. இவ்விரண்டையும் பயிலும் மாணவன் தன் ஆசான் கூறியவற்றையும் தான் படித்தவற்றையும் சட்டம் சட்டமாகத் தொகுத்து ஓர் ஏடு எழுதுவான். அதற்குத் 'தஃலீகா' என்று பெயர். அவ்வேட்டில் உள்ளவற்றை அவையில் நின்று, கேட்பார்க்கெல்லாம் விடை சொல்லி, காத்துக் காட்டும் ஆற்றலே அவன் கல்வியின் முதிர்ச்சி எனக் கருதப்பட்டது. இம்முறையை விரிவாக ஆராய்ந்த ஜார்ஜ் மக்திஸி என்னும் அறிஞர், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பழைய வாத முறைக்கு இதுவே முன்மாதிரி என்று 1981இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அம்முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் மதரஸாவின் கல்வி முறை எத்துணை விரிந்தது என்பதை அவர் ஆய்வு உலகறியச் செய்தது.

தஃலீகாவைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை ஸுப்கி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜுர்ஜானில் கல்வி முடித்துத் தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களின் பொருள்கள் அனைத்தையும் பறித்தனர். தம் தஃலீகாவை மட்டுமேனும் தந்துவிடுமாறு இளைஞரான கஸ்ஸாலி கெஞ்சினார்கள். 'நாங்கள் பறித்துக்கொண்டதும் இல்லாமல் போய்விடுகிற கல்வியை உன் கல்வி என்று எப்படிச் சொல்கிறாய்?' என்னும் பொருள்படக் கேட்டுச் சிரித்த கொள்ளையர் தலைவன், ஏட்டைத் திருப்பித் தந்தான். அச்சொல் நெஞ்சில் தைக்கவே, ஊர் திரும்பி மூன்றாண்டுகள் உழைத்து அவற்றையெல்லாம் தம் உள்ளத்திற்குள் கொண்டுவந்தார்கள். விளக்க உரை நூலிலிருந்து பெயர்த்தெழுதும் நம் பிள்ளைக்கும், கணினியைக் கேட்டு ஒரு நொடியில் கட்டுரை பெற்றுவிடும் இன்றைய பிள்ளைக்கும் அக்கொள்ளையன் கேட்ட கேள்வி அப்படியே பொருந்தும்.

மறுக்கும் முன் கற்றவர்

அந்த மாணவரே ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) நிஜாமிய்யாவின் ஆசான் ஆனார். தத்துவ வாதிகளின் கொள்கைகளை மறுக்கும் பணியை மேற்கொண்டபோது, ஒரு கலையில் அதன் வல்லுநர்க்கு ஒப்பத் தேர்ச்சி பெறாமல் அதன் குறையைக் கூறுவது இருளில் எறிவது போன்றதென்று அவர்கள் கருதினார்கள். ஆசிரியரின் உதவியின்றித் தாமே அந்நூல்களைப் படித்தார்கள். தத்துவ வாதிகளின் கொள்கைகளை அவர்கள் கூறும் முறையிலேயே 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா'வில் தொகுத்தார்கள். மறுப்பு நூலாகிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' கி.பி. 1095இல் முடிந்தது.

இங்கு ஒரு வியப்பான செய்தி. 'மகாஸித்' 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. நோக்கத்தை விளக்கும் முன்னுரை இல்லாத பிரதிகளே ஐரோப்பாவில் பரவலாக வழங்கின. படித்தவர்கள் கஸ்ஸாலி அவர்களையும் அத்தத்துவக் கூட்டத்தாருள் ஒருவரென்றே எண்ணிவிட்டார்கள்! எதிர்த்தரப்பை அத்துணை நேர்மையாக எடுத்துரைத்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பின்னர் அவர்களை மறுக்க முன்வந்த இப்னு ருஷ்து (மறைவு ஹிஜ்ரி 595, கி.பி. 1198) அவர்களும் அதே நெறியில் நின்றார்கள். 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' என்னும் நூலில் கஸ்ஸாலியின் கூற்றுகளைப் பகுதி பகுதியாக எடுத்து முன்வைத்து, அவற்றின் கீழ்த் தம் விடையை எழுதினார்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஷம்சுத்தீன் சமர்கந்தி அவர்கள், எல்லாக் கலைகளுக்கும் பொதுவான வாத முறையை ஒரு சிறு நூலாக வகுத்தார்கள். 'ஆதாபுல் பஹ்ஸ்' என்றும் 'முனாழரா' என்றும் அக்கலை வழங்கலாயிற்று. ஒரு கூற்றை நிறுவுபவர் ஒருவர். அதனை வினவுபவர் ஒருவர். வினவுபவர் செய்யத்தக்கவை மூன்று. அவற்றை நம் ஊர் வழக்கு ஒன்றில் வைத்துக் காண்போம்.

ஊர்க் குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டலாமா என்பது கேள்வி என வைத்துக்கொள்வோம். 'கூடாது, குளம் அழிந்தால் சுற்றிலுமுள்ள கிணறுகள் வற்றும்' என்கிறான் ஒரு மாணவன். 'குளத்து நீர்தான் கிணறுகளுக்குச் செல்கிறது என்பதற்குச் சான்று என்ன?' என்று வினவுவது முதலாவது, அது 'மன்ஃ'. 'உன் காரணம் சரியெனில், பல்லாண்டுகளாகத் தூர்ந்து கிடக்கும் மேலைக்குளத்தின் அருகிலும் கிணறுகள் வற்றியிருக்க வேண்டுமே, வற்றவில்லையே?' என்று அக்காரணம் வேறிடத்தில் பொய்ப்பதைக் காட்டுவது இரண்டாவது, அது 'நக்ழ்'. 'பேருந்துகள் கடைத்தெருவில் நிற்பதால் பள்ளிப் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து, வேறு இடமுமில்லை, ஆகவே தூர்க்கத்தான் வேண்டும்' என்று எதிரான முடிவுக்குத் தனிச்சான்று தருவது மூன்றாவது, அது 'முஆரழா'.

நிறுவுபவர் சான்று கூறும் முன்பே வினவுபவர் முந்திக்கொண்டு எதிர்வாதத்தில் இறங்குவது 'கஸ்ப்', அதாவது பிறர் இடத்தைப் பறித்தல் என்று அந்நூலோர் கடிந்தனர். உண்மை வெளிப்பட வேண்டும் என்று இருவரும் ஆய்வது முனாழரா. எதிராளியின் வாயை அடைக்க வேண்டும் என்று பேசுவது முஜாதலா. உண்மையும் நோக்கமன்றி, வெற்றியும் நோக்கமன்றி, வீண் பிடிவாதத்தால் பேசுவது முகாபரா என்றும் பிரித்துரைத்தனர். நம் மேடைப் பேச்சுகளையும் தெருமுனை வாதங்களையும் இம்மூன்று தட்டுகளில் இட்டுப் பாருங்கள். எந்தத் தட்டு தாழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்தில்

ஜவுன்பூர் அப்துர் ரஷீது அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 1083, கி.பி. 1672) முனாழராக் கலைக்கு எழுதிய 'ரஷீதிய்யா' என்னும் உரை, லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு கி.பி. 1748) அவர்களின் பெயரால் வழங்கும் 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அப்பெருமகனாரின் புதல்வர் 'பஹ்ருல் உலூம்' அப்துல் அலி அவர்கள், நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, இங்கேயே கற்பித்து, ஹிஜ்ரி 1225இல் (கி.பி. 1810) மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள். உஸூல் கலையில் அவர்கள் எழுதிய 'ஃபவாதிஹுர் ரஹமூத்', பிற்காலத்தில் எகிப்தின் புலாக் அச்சகத்தில் இமாம் கஸ்ஸாலியின் 'முஸ்தஸ்ஃபா'வோடு ஒருங்கே அச்சிடப்பட்டது. ஆகவே இம்மரபு நமக்கு ஏட்டளவில் கேள்விப்பட்ட ஒன்றன்று. நம் தலைநகரில் வாழ்ந்து கற்பித்த ஒன்று.

தமிழ் மரபும் இதனை அறியாததன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலாசிரியர் மேற்கொள்ளும் 'மதம்' ஏழு என்கிறார். மதம் என்பது அங்குக் கொள்கை, நிலைப்பாடு என்னும் பொருளது. பிறர் கூற்றோடு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின்னர் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கொள்கையையே கொள்வது என்று அவ்வேழும் விரியும். அதே நூற்றாண்டின் சிவஞான சித்தியார், பிறர் கொள்கைகளைக் கூறி மறுக்கும் பரபக்கத்தை முன்வைத்து, தன் கொள்கையைக் கூறும் சுபக்கத்தைப் பின்வைத்தது. சமயம் வேறாயினும் நெறி ஒன்றே: பிறன் கூற்று முன்னே, தன் முடிவு பின்னே.

எங்கே தேய்ந்தது?

இத்துணைச் செல்வம் எவ்வாறு தேய்ந்தது? இப்னு கல்தூன் (மறைவு கி.பி. 1406) தம் 'முகத்திமா'வில் இதற்கு விடை கூறியிருக்கிறார்கள். அவர்கள் காலத்து மக்ரிபு நாட்டு மாணவர்கள் வகுப்பில் வாய் திறவாது அமர்ந்து, மனனம் ஒன்றிலேயே கருத்தைச் செலுத்தினர். அவர்களின் ஏட்டறிவு பெரிது. ஆனால் ஒரு கேள்வியை எடுத்து ஆயும் திறன் சிறிது. அங்கு மதரஸாவில் தங்கும் காலம் பதினாறு ஆண்டுகள். துனிஸில் ஐந்தே ஆண்டுகள். நீண்ட காலம் ஆனதற்குக் காரணம் கற்பிக்கும் முறையின் குறையே என்பது அவர்கள் முடிவு. நாவினால் ஆய்ந்து வாதிக்கும் பயிற்சியே அத்திறனை எளிதில் தரும் என்றும் கூறினார்கள். நூல்களைச் சுருக்கிச் சுருக்கி மாணவர் கையில் கொடுப்பதையும் அவர்கள் கண்டித்தார்கள்.

வாதக் கலை பாடத்திட்டத்தில் நின்ற இடங்களிலும், காலப்போக்கில் அது வாதத்தைப் பற்றிய நூலை மனனம் செய்வதாக மாறியது. 'நீ இவ்வாறு கேட்டால், நான் இவ்வாறு விடையளிப்பேன்' என்று நூலாசிரியரே கேள்வியையும் விடையையும் எழுதிவைத்தார். மாணவன் இரண்டையும் ஒப்புவித்தான். கேள்வியும் அவனுடையதன்று, விடையும் அவனுடையதன்று. நம் பள்ளிக்கூடத்தின் விளக்க உரை நூலும் இதற்குத் தம்பிதான். பட்டிமன்றமோ வேறொரு குறையுடையது. அங்கே தரப்பு பேச்சாளர்க்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது, நடுவர் முடிவு கூறுகிறார், அவை கைதட்டுகிறது. சொல்வன்மைக்கு அது நல்ல களம். எனினும் பேசியவர் தாம் பேசியதை நம்புகிறாரா என்பதை அது கேட்பதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இம்மரபை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஏற்ற அளவில் மீட்பது கடினமன்று. ஒன்பதாம் வகுப்பு முதலே தொடங்கலாம்.

முதலாவது, கேள்வி சிறிதாகவும் அருகிலுள்ளதாகவும் இருக்க வேண்டும். 'உலக அமைதி' வேண்டா. ஊர்க் குளம் போதும். ஆம், இல்லை என்று விடை கூறத்தக்கதாகவும், இரு பக்கமும் நல்லவர்கள் நிற்கத்தக்கதாகவும் அது அமைய வேண்டும். மேலும், மாணவன் நேரில் சென்று பார்த்து, பெரியவர்களைக் கேட்டு, அளந்து, எண்ணிச் சான்று தேடக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தன் முடிவை எழுதும் முன் எதிர்த்தரப்பை ஒரு பக்கத்தில் எழுதச் செய்ய வேண்டும். அப்பக்கத்தை எதிர்த்தரப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்து, 'இது உன் கருத்துத்தானா?' என்று கேட்க வேண்டும். அவன் 'ஆம், நான் சொல்ல நினைத்ததைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறான்' என்று கையொப்பமிட்ட பின்னரே அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம். என் பட்டறிவில் மாணவர்க்கு மிகவும் கடினமானது இதுவே. மிகவும் பயனளிப்பதும் இதுவே. சிலர் இப்பக்கத்தை எழுதி முடிக்கும்போதே தம் முடிவை மாற்றிக்கொள்வதுண்டு. அதனை ஆசிரியர் தோல்வியாகக் கருதலாகாது. கதீமும் ஜதீதும் நமக்குப் புதியனவல்லவே!

மூன்றாவது, தன் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதில் 'ஒருவகையில்', 'ஓரளவுக்கு' என்னும் ஒளிவிடங்கள் இருத்தலாகாது. வரம்பு வேண்டுமெனில் அதனை வெளிப்படையாக எழுதலாம்: 'குளத்தின் கிழக்குக் கரையிலுள்ள மேட்டு நிலத்தில் மட்டும் கட்டலாம், நீர்ப்பரப்பில் கட்டலாகாது' என்பது தெளிவான நிலைப்பாடே.

நான்காவது, ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே அதன் சான்று வர வேண்டும். லைது அவர்கள் ஷாமின் மழையைக் காட்டியதுபோல. 'எல்லாரும் கூறுகிறார்கள்' என்பது சான்றன்று.

ஐந்தாவது, எழுதிய கட்டுரையை வகுப்பில் வைத்து, மேற்கூறிய மூவகை வினாக்களை மட்டுமே கேட்க அனுமதிக்க வேண்டும். சான்று எங்கே என்று கேட்கலாம். காரணம் பொய்க்கும் இடத்தைக் காட்டலாம். மாற்றுச் சான்று தரலாம். எழுதியவனின் குலம், ஊர், தந்தையின் தொழில், மதிப்பெண் ஆகியவற்றைத் தொட எவருக்கும் உரிமையில்லை. வினாக்களைக் கேட்டபின் மாணவன் தன் கட்டுரையைத் திருத்தி மறுமுறை எழுத வேண்டும். அந்த இரண்டாம் பிரதியே அவனுடைய தஃலீகா.

மதிப்பெண் வழங்கும் ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. மாணவனின் முடிவு தம் முடிவோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கலாகாது. நிறுவிய முறையைப் பார்க்க வேண்டும். அபூஹனீபா அவர்களின் மாணவர்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் ஆசானோடு மாறுபட்டனர். அம்மாறுபாடுகள் அந்த மத்ஹபின் நூல்களிலேயே ஆசானின் கூற்றுக்கு அருகில் இன்றும் நிற்கின்றன. ஆசானின் கண்ணியம் அதனால் குறைந்துவிடவில்லை.

இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய பொருள் அடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் நாளை வக்பு நிலத்தைப் பற்றியும், மஹல்லாவின் கணக்கைப் பற்றியும், ஊராட்சியின் தீர்மானத்தைப் பற்றியும், நாட்டின் சட்டத்தைப் பற்றியும் கருத்துக் கூற வேண்டியவர்கள். தன் தரப்பை எழுதத் தெரியாதவன், ஒன்று பிறர் எழுதிவைத்த தாளில் கையொப்பமிடுவான். அல்லது கூட்டத்தில் குரலை உயர்த்துவான். முதலாவதில் அவன் உரிமை போகிறது. இரண்டாவதில் அவன் நியாயம் போகிறது. பெண் மக்களுக்கு இப்பயிற்சி இன்னும் இன்றியமையாதது. அவர்களின் தரப்பை இதுவரை பெரும்பாலும் பிறரே எழுதி வந்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் ஒன்றை மறுத்துப் பேசினால், 'வாயாடாதே' என்று அடக்குவதற்கு முன் ஒரு தாளைக் கையில் கொடுங்கள். 'முதலில் நான் சொன்னதை எழுது. பிறகு நீ சொல்வதை எழுது. காரணத்தையும் எழுது' என்று கூறுங்கள். எழுதியதைப் பொறுமையோடு படியுங்கள். அதில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையெனில் எங்கே இல்லை என்பதை அன்போடு காட்டுங்கள். மாறுபட்டுக்கொண்டே ஒருவர் குடும்பத்தை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்ட இரு இமாம்களின் வழி அதுவே.